ஜேம்ஸ் டெயிலர் (1835 – 1892): தேயிலையும் நேரமும்

இலங்கைத் தேயிலைக் கைத்தொழிலின் முன்னோடி எனப் போற்றப்படுபவர் ஜேம்ஸ் டெயிலர் ஆவார். 1867, 19 ஏக்கர், லூல்கந்துர என்னும் மூன்று விபரங்களை அவரது பெயரோடு சேர்த்து மனனம் செய்த மாணவர் பலர். இவை சரியானவையே, குறுவிடை வினாவுக்கு இவை போதும். ஆயினும் டெயிலர் ஏன் முன்னோடியானார் என்று கேட்டால் இம்மூன்றினாலும் விடை கூற இயலாது.

ஏனெனில் இலங்கையில் முதன்முதலில் தேயிலைச் செடியை நட்டவர் அவரல்லர். சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தேயிலைச் செடி 1824இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் நடப்பட்டது. 1839இல் அசாம் விதைகள் அங்கு வந்துசேர்ந்தன. 1841இல் வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையிலுள்ள தமது றொத்ஸ்சைல்ட் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டனர். இவற்றுள் எதுவும் ஒரு கைத்தொழிலாக வளரவில்லை. செடி இங்கு நன்றாகவே வளர்ந்தது. பறித்த கொழுந்தை விற்கத்தக்க தேயிலையாக மாற்றுவதே கடினமாயிருந்தது. அக்கடினத்தின் பெரும்பகுதி நேரத்தைப் பற்றியது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, அவற்றுக்கிடையே எவ்வளவு நேரம் என்பதைக் கண்டறிந்து அதை நாள்தோறும் தவறாமற் செய்து காட்டியதே டெயிலரின் சாதனை எனலாம்.

இளமையும் கோப்பித் தோட்டமும்

டெயிலர் 1835ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ஓக்கன்பிளே என்னும் ஊருக்கு அண்மையில் பிறந்தார். தந்தை வண்டிச்சக்கரங்கள் செய்யும் தச்சர். சிறுவயதிலேயே தாயை இழந்தார். வறிய குடும்பத்து இளைஞர் பலர் அக்காலத்தில் பிழைப்புத் தேடிக் குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறினர். டெயிலரும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்தில், கோப்பித் தோட்ட உதவிக் கண்காணிப்பாளராக 1852 பெப்ரவரியில் இலங்கை வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது 17 கூட நிரம்பவில்லை. இன்று இந்நூலைப் படிக்கும் உங்கள் வயதுதான்.

சில வாரங்கள் நாரங்ஹேன தோட்டத்தில் இருந்தபின் கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்ட பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் 40 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். ஒருமுறையேனும் ஸ்கொட்லாந்துக்குத் திரும்பவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

அக்காலம் கோப்பியின் பொற்காலம். 1869இல் கோப்பித் துருநோய் இனங்காணப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பங்கசு இலையின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சட் பொடியாகப் படிந்து, இலைகளை உதிரச் செய்தது. அடுத்து வந்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கை அழிந்தது. இங்கே ஒரு விடயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: டெயிலர் தேயிலை நட்டது 1867இல், நோய் இனங்காணப்பட்டது 1869இல். நோய் வந்தபடியாற்றான் டெயிலர் தேயிலை நட்டார் என எழுதி ஆண்டுதோறும் புள்ளியை இழப்போர் உளர். அவர் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டார். நோய் வந்தபோது மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள லூல்கந்துரவில் ஓர் உதாரணம் தயாராக இருந்தது.

அவர் முதலில் பேராதனையிலிருந்து பெற்ற விதைகளைத் தோட்டப் பாதையோரங்களில் ஊன்றிப் பார்த்தார். பின்னர் 1867இல் 7ஆம் இலக்க மலையில் 19 ஏக்கரைத் துப்புரவாக்கி அசாம் வகைத் தேயிலையை நட்டார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் குயினைனைத் தரும் சிங்கோனாவையும் அவர் இத்தோட்டத்தில் வளர்த்தார்.

விறாந்தையில் ஒரு தொழிற்சாலை

டெயிலரின் முதலாவது தேயிலைத் தொழிற்சாலை அவரது பங்களா விறாந்தையே. அங்கு மேசைகள் போடப்பட்டன. வாடிய கொழுந்தைத் தொழிலாளர் கைகளால், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி, அம்மேசைகளின்மீது உருட்டினர். களிமண் அடுப்புகளில் கரி எரித்து, அதன்மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினர். இவ்வாறு கிடைத்த தேயிலை கண்டியில் விற்கப்பட்டது.

எளிய வேலைபோலத் தோன்றும் இதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டாலே டெயிலரின் பிரச்சினை புரியும்.

கோப்பிப் பழத்தைப் பறித்துத் தோல் நீக்கிக் காயவைத்தால் கொட்டை பல மாதங்களுக்குக் கெடாதிருக்கும். வண்டி தாமதமானால் கோப்பி காத்திருக்கும். தேயிலைக் கொழுந்து காத்திராது. பறித்த கணத்திலிருந்தே அதனுள் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. கூடையில் அமுக்கி வைத்தால் வெப்பமடைந்து சிவந்துவிடும். சிவந்த கொழுந்திலிருந்து நல்ல தேயிலை எடுக்க முடியாது.

பறித்த கொழுந்தின் நிறையில் முக்கால் பங்குக்கு மேல் நீராகும். அதை மெல்லிய படையாகப் பரப்பி வாட்டுதல் வேண்டும். இதற்குப் பொதுவாக 12 முதல் 18 மணித்தியாலங்கள் செல்லும். காற்றை வேகமாகச் செலுத்தி நீரை விரைவில் அகற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீர் போய்விடும், ஆனால் வாடும்போது இலைக்குள் நிகழவேண்டிய இரசாயன மாற்றங்களுக்கும் நேரம் தேவை. அவற்றை விரட்ட முடியாது. ஆகவே வாட்டலுக்கும் உருட்டலுக்கும் இடையே ஒரு குறைந்தபட்ச இடைவெளி உண்டு. அளவுக்கு மீறி வாடினால் இலை நொறுங்கும். எனவே ஓர் உச்ச இடைவெளியும் உண்டு.

உருட்டும்போது இலைக்கலங்கள் உடைந்து சாறு வெளிவருகிறது. சாற்றிலுள்ள பொலிபீனோல்கள், நொதியத்தின் துணையோடு, வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமடைகின்றன. பச்சை நிறம் செப்பு நிறமாகிறது. தேநீரின் நிறமும் சுவையும் இங்குதான் உருவாகின்றன. தொழிற்சாலைகளில் இதனை நொதித்தல் என்பர். பாண் மாவில் மதுவம் நிகழ்த்தும் நொதித்தலோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கு நுண்ணுயிர் எதுவும் வேலை செய்வதில்லை; இது ஒட்சியேற்றமே. விஞ்ஞானப் பாடத்தில் இவ்வேறுபாட்டுக்குப் புள்ளி உண்டு.

இத்தாக்கம் ஏறத்தாழ 2 முதல் 3 மணித்தியாலங்களில் உச்ச நிலையை அடையும். முன்னரே நிறுத்தினால் தேநீரில் பச்சை வாடையும் கடுப்பும் இருக்கும். பிந்தி நிறுத்தினால் மங்கிய, சாரமற்ற தேநீர் கிடைக்கும். நிறுத்துவதற்கு ஒரே வழி வெப்பம். ஏறத்தாழ 90 பாகை செல்சியசு வெப்பக் காற்றில் 20 நிமிடமளவில் உலர்த்தும்போது நொதியம் செயலிழக்கும். ஈரம் நூற்றுக்கு 3 அளவுக்குக் குறையும்.

விறாந்தையில் ஒரு மேசை, ஓர் அடுப்பு இருந்தபோது இவ்வளவையும் ஒருவர் கண்ணாற் பார்த்து, மூக்கால் முகர்ந்து சமாளிக்கலாம். கொழுந்து ஒரு கூடையாயிருக்கும்வரை அது போதும். 19 ஏக்கரின் கொழுந்து நாள்தோறும் வரத் தொடங்கினால்? ஒரு தொகுதி அடுப்பில் இருக்கையில் அடுத்த தொகுதி பழுத்துவிடும். இதுவே டெயிலருக்கு முன் பலரை வீழ்த்திய இடம் என்பது எனது கருத்து.

இன்று கணினியில் இதே கணக்கு

வணிகக் கல்விப் பாடத்தில் தொகுதி முறை உற்பத்தி பற்றிப் படித்திருப்பீர்கள். பாற்பொருள், மருந்து, பாண், தேயிலை முதலியன பெரும்பாலும் இம்முறையிலேயே உற்பத்தியாகின்றன. இவற்றில் ஒரு கட்டத்தின் தொகுதி அடுத்த கட்டத்தின் தொகுதியோடு பிணைக்கப்பட்டுள்ளது. இன்று பெரிய தொழிற்சாலைகளில் உற்பத்தி நேரசூசியைக் கணினி மென்பொருள் தயாரிக்கிறது. அதில் ஒவ்வொரு பிணைப்புக்கும் இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும்: முன்னைய தொகுதிக்குப் பின் குறைந்தது எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், கூடியது எவ்வளவு நேரம் பொறுக்கலாம். குறைந்தபட்சத்தைப் பேணுவது இலகு, தாமதித்தால் போதும். சிக்கலைத் தருவது உச்ச இடைவெளியே. ஓர் உதாரணம் பார்ப்போம். பின்வருவன கணக்குக்காக எடுத்த எண்கள்.

ஒரு தொழிற்சாலையில் உருட்டும் இயந்திரம் 30 நிமிடத்துக்கு ஒரு தொகுதியை ஏற்கிறது. உலர்த்தி ஒரு தொகுதிக்கு 40 நிமிடம் எடுக்கிறது. உருட்டத் தொடங்கியதிலிருந்து குறைந்தது 2 மணித்தியாலமும் கூடியது 3 மணித்தியாலமும் கழிந்து உலர்த்தத் தொடங்க வேண்டும். முதலாம் தொகுதியை அதிகாலை 4.00 மணிக்கு உருட்டத் தொடங்கினால் 6.00 மணிக்கு உலர்த்தியில் இடலாம். இரண்டாவது 4.30க்குத் தொடங்கும், 6.30க்கு ஆயத்தமாகும். ஆனால் உலர்த்தி 6.40க்கே வெறுமையாகும். அதன் இடைவெளி 2 மணி 10 நிமிடம். மூன்றாவது 5.00க்குத் தொடங்கி 7.20க்கு உலர்த்திக்குச் செல்லும். இடைவெளி 2 மணி 20 நிமிடம். இவ்வாறு தொகுதிக்குத் தொகுதி 10 நிமிடம் கூடிச் செல்லும். ஏழாவது தொகுதி 7.00க்குத் தொடங்கி 10.00 மணிக்கு உலர்த்திக்குச் செல்லும். சரியாக 3 மணித்தியாலம். எட்டாவது 7.30க்குத் தொடங்கி 10.40க்குச் செல்லும். இடைவெளி 3 மணி 10 நிமிடம். அத்தொகுதி கெட்டது.

இங்கு எந்த இயந்திரமும் பழுதடையவில்லை, எவரும் உறங்கவில்லை. காலையில் முதல் ஆறு தொகுதிகளையும் சுவைத்துப் பார்த்தவர் எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். தவறு நேரசூசியில் உள்ளது. அது எட்டாம் தொகுதியில்தான் வெளிப்படுகிறது.

இதற்குப் பரிகாரம் என்ன? உலர்த்தியை விரைவுபடுத்த முடியாது. மற்றொரு உலர்த்தி வாங்கலாம், பணம் வேண்டும். அல்லது உருட்டலை 40 நிமிடத்துக்கு ஒன்றாகத் தாமதிக்கலாம். அப்போது உருட்டும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் சும்மா நிற்கும். பார்ப்பவருக்கு அது வீண் போலத் தெரியும். ஆனால் அந்த 10 நிமிடமே கொழுந்தைக் காப்பாற்றுகிறது. அப்படித் தாமதிக்கும்போது வாட்டற் தட்டிலுள்ள கொழுந்து மேலும் காத்திருக்க நேரிடும்; அதற்கும் உச்ச இடைவெளி உண்டல்லவா? எனவே அதையும் பிந்திப் பரப்ப வேண்டும். இவ்வாறு கணக்கு உலர்த்தியிலிருந்து பின்னோக்கி மலை வரை செல்கிறது. மென்பொருளில் ஒரு தொகுதியை நகர்த்தினால் பிணைக்கப்பட்ட மற்றைய தொகுதிகளும் நகர்வது இதனாலேயே.

உண்மையான தொழிற்சாலையில் இது இன்னும் சிக்கலானது. ஒரு தொகுதிக் கொழுந்தை ஒரே தடவையில் உருட்டி முடிப்பதில்லை. ஒவ்வொரு உருட்டலின் பின்னும் சலித்து, நொறுங்கி விழுந்த பகுதியைப் பிரித்தெடுப்பர். அதனை டூல் என்பர். நாம் தூள் என்று சொல்வது போன்ற சொல். முதலாம் டூல், இரண்டாம் டூல் என ஒரே கொழுந்திலிருந்து பிரிந்த சிறு தொகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நொதித்து, தனித்தனி நேரத்தில் உலர்த்திக்கு வரும். யாவும் சேருமிடம் ஓர் உலர்த்தியே. மழை நாளில் நனைந்த கொழுந்து வந்தால் வாட்டல் நீளும். முழுச் சங்கிலியும் இடம்பெயரும். மலையகத்தில் ஸ்டோர் வேலை பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் தொடங்குவதற்கு அதிகாலைக் குளிர்ச்சி ஒரு காரணம். முதல்நாள் பறித்த கொழுந்து அந்நேரத்தில்தான் வாடி முடிகிறது என்பது மற்றொரு காரணம். அங்கு டீமேக்கரின் கண் எப்போதும் கடிகாரத்தில் இருக்கும்.

இயந்திரமும் பயணமும்

டெயிலரிடம் கணினி இருக்கவில்லை. அவரிடம் இருந்தது பொறுமையும் தச்சர் மகனுக்குரிய கைத்திறனும். 1872இல் அவர் லூல்கந்துரவில் முழுமையான தொழிற்சாலையொன்றை அமைத்து, கொழுந்து உருட்டும் இயந்திரம் ஒன்றையும் உருவாக்கினார். கைகளால் உருட்டுவோர் களைப்படையும்போது தொகுதிகளின் நேரம் மாறும். இயந்திரம் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே அளவு நேரம் எடுக்கும். அதனால் அடுத்த கட்டத்தையும் திட்டமிட முடியும். இயந்திரத்தின் பயன் வேகம் மட்டுமன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

1873இல் 23 றாத்தல் தேயிலை லூல்கந்துரவிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. அளவு மிகச் சிறியது. ஒரு மாணவர் தூக்கிச் செல்லக்கூடிய பொதி. ஆயினும் இலண்டன் சந்தையில் விலை மதிக்கப்பட்ட தேயிலை அது. அடுத்த ஆண்டு, 1874இல், டெயிலர் தமது வாழ்நாளில் எடுத்த ஒரே விடுமுறையில் இந்தியாவின் டார்ஜிலிங்குக்குச் சென்றார். அங்கும் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்து அவற்றின் முறைகளைக் கற்பதிலேயே நாட்களைச் செலவிட்டார்.

கோப்பியை இழந்த தோட்டக்காரர் லூல்கந்துரவை நாடி வந்தனர். டெயிலர் தாம் அறிந்ததை மறைக்கவில்லை. 1883இல் கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடைபெற்றது. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராயிருந்த தேயிலை நிலம் 1890களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சம் ஏக்கரளவுக்குப் பெருகியது. 1890இல் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயர் உலகக் கடைகளெங்கும் பரவியது. டெயிலரின் பெயர் எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படவில்லை.

ஏழு நாட் சுற்று

நேரக் கட்டுப்பாடு தொழிற்சாலைக்குள் மட்டும் நிற்கவில்லை. மலையில் பறித்த இடத்திலேயே கொழுந்து மீண்டும் துளிர்க்கும். ஏறத்தாழ 7 நாட்களுக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பிச் சென்று பறிக்க வேண்டும். பிந்தினால் இலை முற்றிவிடும். இதுவும் ஓர் உச்ச இடைவெளியே.

இதன் விளைவு மனிதர் வாழ்வில் விழுந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலம் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்த தொழிலாளருள் பெரும்பாலானோர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் நோயாலும் பசியாலும் இறந்தோர் பலர். தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் அறுவடையே. எனவே தொழிலாளர் குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. லயங்கள் பெருகின. பெண்கள் கொழுந்தெடுக்கும் வேலையின் மையமாயினர். இலங்கையில் மலையகத் தமிழர் என்னும் நிலையான ஒரு சமூகம் உருவானதற்குத் தேயிலைச் செடியின் இந்த 7 நாட் கணக்கும் ஒரு காரணமாகும். சரித்திரப் பாடத்தில் கோப்பிக் காலத் தொழிலாளரையும் தேயிலைக் காலத் தொழிலாளரையும் ஒப்பிடுமாறு கேட்டால், இக்காரணத்தைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.

டெயிலரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் அவர் ஒருவரே மேசையில் உருட்டி, அடுப்பில் உலர்த்தியதுபோல எழுதுவதுண்டு. மேசையைச் சுற்றி நின்ற கைகள் தமிழ்த் தொழிலாளருடையவை. கொழுந்து எப்போது வாடியது, எப்போது நிறம் மாறியது என்பதை விரலாலும் மூக்காலும் அறிந்தவர்களுள் அவர்களும் அடங்குவர்.

இறுதி ஆண்டு

1891இல் தோட்டத்துரைமார் சங்கம் டெயிலரின் சேவையைப் பாராட்டி வெள்ளித் தேநீர்ப் பாத்திரத் தொகுதியொன்றை வழங்கியது. மறு ஆண்டே அவரது நிலை மாறியது. தோட்டத்தை நிருவகித்த கம்பனி அவரை வேலையிலிருந்து விலகுமாறு பணித்தது. நாற்பது ஆண்டுகள் உழைத்த இடத்தை விட்டு வெளியேற டெயிலர் மறுத்தார். அவ்வேளையில் வயிற்றுளைவு நோய் அவரைப் பீடித்தது. 1892ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி, 57ஆவது வயதில், லூல்கந்துரவிலுள்ள தமது பங்களாவிலேயே இறந்தார். கம்பனியின் கட்டளை நிறைவேறவில்லை.

டெயிலர் பாரிய உடம்பு கொண்டவர். நிறை 246 றாத்தல். அவரது உடலை லூல்கந்துரவிலிருந்து கண்டிக்குத் தொழிலாளர்கள் தோளிற் சுமந்து சென்றனர். 12 பேர் கொண்ட இரண்டு அணிகள். 4 மைலுக்கு ஒருமுறை அணி மாறியது. கங்காணிமாரும் தொழிலாளரும் பின்னால் நடந்தனர். கண்டி மஹியாவ மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைக் கல்லில் இத்தீவின் தேயிலை, சிங்கோனாத் தொழில்களின் முன்னோடி என அவர் குறிப்பிடப்பட்டுள்ளார். பெயருக்கு அடுத்து லூல்கந்துர தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.